‘டியூவைக் கட்டு, வண்டி உனக்கு’: லாரி டிரைவர்கள் கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியது என்ன?

சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையில் திருத்தணியைத் தாண்டினால் சில கிலோமீட்டரில் பொன்பாடி சோதனைச்சாவடி. அதற்கு அப்பால் ஆந்திரம்: நகரி, புத்தூர் என்று போகும் சாலை. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் அந்தப் பக்கமிருந்து சென்னையை நோக்கி வருகின்றன. காலியாகத் திரும்பிப் போகின்றன. இந்தச் சாலையில் சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் வண்டி ஓட்டும் டிரைவரிடம் ஓனர் ஒருநாள் இப்படிப் பேச்சைத் தொடங்கலாம்.

“எவ்ளோ நாளைக்குப்பா சம்பளத்துக்கே ஓட்டுவே? இந்த வண்டியையே நீ எடுத்துக்க. ரெண்டு லட்சம் முன்பணம் குடு. மாசா மாசம் டியூவை நீ கட்டிடு. கடன் முடிஞ்சதும் ஆர்சியை உன் பேருக்கு மாத்திக் குடுத்துடறேன்.”

டிரைவருக்கு இது நல்ல சேதியாகத்தான் கேட்கும். வங்கிக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், ஜாமீன் கேட்பார்கள். இங்கே எதுவும் வேண்டாம். வண்டியும் பழகின வண்டி; எந்த கியரில் முனகும், எந்தப் பட்டை வீக் என்று தெரியும். ஓனரும் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. வயதாகிவிட்டது, பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள், டியூ மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நிலையில் உள்ளவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. ஆனாலும் இந்த ஏற்பாட்டில் டிரைவர் உண்மையில் வாங்குவது என்ன என்று பார்த்தால் விஷயம் வேறாக இருக்கிறது. பெரும்பாலான நேரம் அவர் வாங்குவது வண்டியை அல்ல, வண்டியின் செலவுகளை.

ஒரே ‘டியூ’, மூன்று விதமான சட்டம்

தெருவில் எல்லாவற்றுக்கும் ‘டியூ’ என்ற ஒரே சொல்தான். சட்டத்தில் அப்படி இல்லை. முதலாவது ஹையர் பர்ச்சேஸ் எனும் வாடகைக் கொள்முதல். இதில் கடைசித் தவணை கட்டி முடியும்வரை வண்டி நிதி நிறுவனத்தின் உடைமை. ஓட்டுபவர் வாடகைக்கு வைத்திருப்பவர் மட்டுமே. முடிவில் வாங்கிக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டு. இரண்டாவது ஹைப்பாதிகேஷன். வண்டி வாங்கியவருடையது, கடனுக்கு ஈடாக அது நிதி நிறுவனத்திடம் கட்டுப்பட்டிருக்கிறது. மூன்றாவது வெறும் லீஸ், அதாவது குத்தகை. எத்தனை வருடம் கட்டினாலும், ஒப்பந்தத்தில் தனியாக எழுதாவிட்டால், வண்டி ஓட்டுபவருக்கு வராது.

இந்தத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. டி.எஸ்.சந்தானம் 1954-இல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். சோழமண்டலம் 1978-இல் வந்தது. பழைய லாரிகளுக்குக் கடன் கொடுப்பதையே முக்கியத் தொழிலாக்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் 1979-இல் வந்தது. ஓட்டுநராக இருந்து ஒரு வண்டிக்குச் சொந்தக்காரரானவர்கள் இந்த மாநிலத்தில் ஏராளம். ஆகவே ‘டியூவில் எடுக்காதே’ என்பது நியாயமான அறிவுரை அல்ல. யாருடைய பேரில் உள்ள டியூ என்பதுதான் கேள்வி.

சட்டமும் இதில் நேரானதல்ல. 1972-இல் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. தவணை கட்டுபவருக்குச் சில பாதுகாப்புகள் அதில் இருந்தன. ஆனால் அது ஒருநாள் கூட நடைமுறைக்கு வரவில்லை. 2005-இல் ரத்தும் செய்யப்பட்டது. இன்று பாதுகாப்பு என்று இருப்பது ஒப்பந்தச் சட்டம், மோட்டார் வாகனச் சட்டம், ரிசர்வ் வங்கியின் விதிகள், பிறகு நீதிமன்றத் தீர்ப்புகள். கேரள அரசுக்கும் சுந்தரம் ஃபைனான்ஸுக்கும் நடந்த விற்பனை வரி வழக்கில் 1960-களின் நடுவிலேயே உச்ச நீதிமன்றம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டது: தாளின் தலைப்பில் ஹையர் பர்ச்சேஸ் என்று இருந்தாலும், நடந்தது உண்மையில் கடன் என்றால் அதைக் கடனாகவே பார்க்க வேண்டும். தலைப்பை நம்பக் கூடாது என்பது டிரைவருக்கும் பொருந்தும். ‘லீஸ் கம் சேல்’ என்று தடித்த எழுத்தில் இருக்கும். உள்ளே விற்பனையைப் பற்றி ஒரு வரியும் இருக்காது.

ஆர்சி யார் பேரில்?

ஓனர் சொல்லும் ஏற்பாட்டில் மூன்று பேர் இருக்கிறார்கள்: நிதி நிறுவனம், ஓனர், டிரைவர். ஒப்பந்தம் முதல் இருவருக்கு இடையில். டிரைவருக்கும் ஓனருக்கும் இடையில் இருப்பது வாய்ப்பேச்சு, மிஞ்சினால் ஒரு பத்திரத் தாள். வாகனக் கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாகவே ஒரு நிபந்தனை இருக்கும்: எங்கள் அனுமதியில்லாமல் வண்டியை வேறொருவர் கையில் கொடுக்கக் கூடாது. அப்படியிருந்தால், டிரைவர் சாவியை வாங்கும் அந்த நாளே ஓனர் தன் கடன் ஒப்பந்தத்தை மீறிவிடுகிறார். டியூ ஒழுங்காகப் போகும்வரை யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு மாதம் தவறினால் சீசிங் ஆட்கள் வந்து நிற்பார்கள். டிரைவர் அதுவரை கட்டிய இருபது டியூவும் அவர்கள் கணக்கில் ஓனர் கட்டியதாகத்தான் இருக்கும்.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். டிரைவர் மாதம் தவறாமல் ஓனர் கையில் பணம் கொடுப்பார். ஓனர் வேறு கஷ்டத்தில் அதைச் செலவழித்திருப்பார். வண்டி ஒருநாள் பட்டரைப்பெரும்புதூர் சுங்கச்சாவடி அருகே மடக்கப்படும்போதுதான் நான்கு டியூ பாக்கி என்பது டிரைவருக்குத் தெரியவரும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 51-ஆவது பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வாடகைக் கொள்முதல், லீஸ், ஹைப்பாதிகேஷன் எதுவானாலும் அதை ஆர்சியில் பதிவு செய்யலாம். அதற்கான விண்ணப்பம் படிவம் 34. இப்படிப் பதிவான வண்டியை, நிதி நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் இன்னொருவர் பேருக்கு மாற்ற முடியாது. கடன் முடிந்ததும் படிவம் 35 கொடுத்துப் பதிவை நீக்க வேண்டும். டிரைவர்கள் ‘ஹெச்பி கேன்சல்’ என்று சொல்வது இதைத்தான். சட்டத்தின் 2(30) பிரிவு, அப்படியோர் ஒப்பந்தத்தின் கீழ் வண்டியைக் கையில் வைத்திருப்பவரையே ‘உரிமையாளர்’ என்கிறது. அதாவது முறைப்படி வந்தால் டிரைவருக்கு ஓர் இடம் உண்டு. முறைப்படி வராவிட்டால் அந்த இடம் எளிதில் கிடைக்காது.

ஆர்சியில் பேர் இருப்பதன் எடை எவ்வளவு என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் ஒரு கார் விபத்து வழக்கில் காட்டியது. அந்தக் கார் விற்கப்பட்டு, கைமாறி, மறுபடி கைமாறிப் போயிருந்தது. ஆர்சி மட்டும் முதல் ஆள் பேரிலேயே இருந்தது. இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பேர் உள்ளவருக்கே என்று தீர்ப்பு வந்தது. இந்தத் தீர்ப்பை ஓனருக்குப் படித்துக் காட்டலாம். ‘ஆர்சி என் பேர்லயே இருக்கட்டும், உனக்கென்ன பயம்’ என்று சொல்பவர், பயப்பட வேண்டியது தானும்தான் என்பதை உணர்வார். முறைப்படி மாற்றச் சம்மதிக்க வைக்க இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

யாரும் பேசாத இன்ஷூரன்ஸ் ஓட்டை

பணக் கணக்குக்கு முன்னால் உயிர்க் கணக்கு. சம்பள டிரைவர் பணியின்போது விபத்தில் இறந்தாலோ ஊனமானாலோ இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வரும் பாதுகாப்பு அது. லாரிக்குக் கட்டாயமான இன்ஷூரன்ஸிலேயே, சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவருக்கான அந்தப் பொறுப்பு அடங்கியிருக்கிறது. மறுபக்கம், வண்டிக்குச் சொந்தக்காரரே ஓட்டினால் அவருக்கென்று ‘ஓனர்-டிரைவர்’ தனிநபர் விபத்துக் காப்பீடு உண்டு. 2018 முதல் அது 15 லட்சம் ரூபாய். ஆனால் ஆர்சியிலும் பாலிசியிலும் பேர் உள்ள, செல்லுபடியாகும் லைசென்ஸ் வைத்திருக்கும் உரிமையாளருக்குத்தான் அது.

வாய்ப்பேச்சில் வண்டியை எடுத்தவர் எந்தப் பக்கம்? ‘அவர் என் தொழிலாளி இல்லை, வண்டியை அவரே சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்தார்’ என்று ஓனரோ இன்ஷூரன்ஸ் நிறுவனமோ வாதாட வழி பிறக்கிறது. உரிமையாளர் என்று கேட்கப் போனால் பேர் இல்லை. ஒருவரின் வண்டியை வாங்கி ஓட்டியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர், அவர் மூன்றாம் நபராக இழப்பீடு கேட்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. அது இருசக்கர வாகன வழக்கு. ஆனாலும் அந்த வாதம் லாரிக்கு வராது என்று நம்பி இருக்க முடியாது. சம்பளத்துக்கு ஓட்டும்போது வீட்டில் இருப்பவர்களுக்கு இருந்த ஒரே காப்பு, ‘சொந்த வண்டி’ ஆனதும் சத்தமில்லாமல் போய்விடலாம்.

வண்டியே எரிந்தாலோ திருடுபோனாலோ வரும் பணமும் அப்படித்தான். முதலில் நிதி நிறுவனத்துக்கு, மிச்சம் பாலிசியில் பேர் உள்ளவருக்கு. டிரைவர் கட்டிய முன்பணத்துக்கும் டியூவுக்கும் அதில் பங்கு உண்டா என்பது, அவர் கையில் என்ன தாள் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

வண்டி டியூவைத் தாங்குமா?

ஏழு வருடம் ஓடிய 10 சக்கர டிப்பர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 2 லட்சம், மாதம் 48,000 ரூபாய், இன்னும் 30 டியூ. மொத்தம் 16.4 லட்சம். கீழே வரும் எண்கள் கணக்குப் போடும் விதத்தைக் காட்டுவதற்காக மட்டுமே. ஒவ்வொருவரும் தன் வாடகை, தன் டீசலைப் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நகரி பக்கத்து கிரஷரில் ஏற்றிச் சென்னைப் புறநகரில் இறக்கிவிட்டுத் திரும்ப 180 கிலோமீட்டர். லிட்டருக்கு மூன்றரை கிலோமீட்டர் கொடுத்தால் 51 லிட்டருக்கு மேல் ஆகும்; லிட்டர் 92 ரூபாய் என்றால் டீசல் மட்டும் 4,730 ரூபாய். சுங்கம் 600, கிளீனர், சாப்பாடு, வழிச்செலவு 900. ஆக ஒரு ட்ரிப்புக்குக் கைச்செலவு 6,230. வாடகை 9,000 என்றால் நிற்பது 2,770. மாதம் 22 ட்ரிப் அடித்தால் 60,940 ரூபாய். டியூ 48,000 போக, கையில் 12,940.

பேச்சு நடக்கும்போது கணக்கு இந்த இடத்திலேயே நின்றுவிடும். ‘மாசம் பன்னெண்டு, பதிமூணு மிச்சம்பா, அது போக வண்டி வேற உன்னுது.’ ஆனால் வண்டியின் செலவே இனிமேல்தான் தொடங்குகிறது. பத்து டயரும் மாற்ற 2 லட்சம், அவை இருபது மாதம் ஓடும் என்றால் மாதத்துக்கு 10,000. இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும், 20 முதல் 40 டன் வரையிலான சரக்கு வண்டிகளுக்கு 2022-இல் அறிவிக்கப்பட்டபடி வருடத்துக்கு 43,950 ரூபாய். வண்டியின் சேதத்துக்கான காப்பையும் சேர்த்து மாதம் 5,000 என்று வைக்கலாம். சர்வீஸ், ஆயில், பட்டை, கிளட்ச் 6,000. காலாண்டு வரி, நேஷனல் பெர்மிட், எஃப்சி எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 25,000.

12,940-இலிருந்து 25,000 போனால் மாதம் 12,060 ரூபாய் துண்டு விழுகிறது. இத்தனைக்கும் டிரைவர் தனக்கென்று ஒரு ரூபாய் கூட எடுக்கவில்லை. அதே வண்டியை ட்ரிப்புக்கு ஆயிரம் ரூபாய் பேட்டாவில் ஓட்டியிருந்தால் மாதம் 22,000 வீட்டுக்குப் போயிருக்கும். டயர் வெடித்தால் போன் அடித்து, “ஓனரே, டயர் போச்சு” என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்திருக்கலாம். டிரைவர்கள் வாடகையையும் டீசலையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். டயர் பில்லையும் இன்ஷூரன்ஸ் பில்லையும் பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். அவை ஓனர் வீட்டு பீரோவில் இருக்கும். ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கும் முன் கேட்டு வாங்க வேண்டியவற்றில் முதலாவது அந்தக் கட்டு: போன இரண்டு வருடத்து டயர், சர்வீஸ், இன்ஷூரன்ஸ் பில்கள்.

இதே வண்டியில் 22,000 வீட்டுக்கு எடுக்க வேண்டுமானால் ட்ரிப்புக்கு வாடகை 10,550 ரூபாய் அளவுக்கு வர வேண்டும். அல்லது டியூ குறைய வேண்டும். அல்லது ட்ரிப் கூட வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கட்டட வேலை படுத்துவிடும். குவாரிகள் ஸ்டிரைக் என்று நிற்பதும் உண்டு. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் கூட்டம் சேரும்போது கனரக வண்டிகளை வேறு வழியில் திருப்பிவிடுவார்கள். இருபத்திரண்டு ட்ரிப் என்பது நல்ல மாதத்துக் கணக்கு. டியூவுக்கு மட்டும் நல்ல மாதம், கெட்ட மாதம் என்று கிடையாது.

வாடகையைக் கூட்ட முடியாதபோது கூடுவது லோடு. 10 சக்கர வண்டியின் மொத்த எடை வரம்பு 2018 ஜூலையில் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்ந்தது. அதற்கு மேல் ஏற்றினால் 194-ஆவது பிரிவின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. ஐந்து டன் கூட ஏற்றிப் பிடிபட்டால் 30,000. மேலே போட்ட கணக்கில் அது கிட்டத்தட்ட 11 ட்ரிப்பின் மிச்சம். சம்பளத்துக்கு ஓட்டும்போது ‘ஓனர் பார்த்துப்பார்’ என்று போய்விடலாம். டியூ தன் தலையில் இருக்கும்போது, ஏற்றச் சொல்பவரும் தானே, கட்டுபவரும் தானே.

எல்லை சொல்லும் இன்னொரு கணக்கு

திருத்தணி 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லை ஊருக்கு அருகிலேயே நின்றுவிட்டது. அதனால் இங்குள்ள லாரிக்கு நேஷனல் பெர்மிட் என்பது ஆடம்பரம் அல்ல, அன்றாடத் தேவை. ஆனால் அந்த பெர்மிட்டுக்கும் ஆயுள் உண்டு. மல்டி ஆக்ஸில் அல்லாத வண்டிக்கு 12 வயது, மல்டி ஆக்ஸில் வண்டிக்கு 15 வயது தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. எஃப்சி எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடா வருடம். பன்னிரண்டு வயது வண்டியை மூன்று வருட டியூவில் எடுப்பவர், கடன் முடியும் மாதத்தில் எல்லை தாண்ட முடியாத வண்டிக்குச் சொந்தக்காரராவார்.

மற்றொன்று: தமிழ்நாட்டு நேஷனல் பெர்மிட் வண்டி, நகரியில் ஏற்றிப் புத்தூரில் இறக்க முடியாது. வேறொரு மாநிலத்துக்குள்ளேயே இரு இடங்களுக்கு இடையே சரக்கு எடுக்க அந்த பெர்மிட் இடம் தருவதில்லை. ‘இங்க லோடு இல்லன்னா அந்தப் பக்கம் லோக்கல் ஓட்டிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெர்மிட் இல்லாத ஓட்டத்தில் விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கலாம் என்றும் தீர்ப்பு இருக்கிறது.

அமெரிக்காவில் இதே பேச்சு

இந்த ஏற்பாடு நம்மூர்க் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்காவில் ‘லீஸ்-பர்ச்சேஸ்’ என்ற பேரில் லாரி கம்பெனிகளே டிரைவர்களுக்கு வண்டி கொடுக்கின்றன. லோடு கொடுப்பதும் கம்பெனி, தவணை பிடிப்பதும் கம்பெனி. லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகப் பகுதியில் 2008-க்குப் பிறகு பழைய புகை லாரிகள் தடைசெய்யப்பட்டபோது, புது லாரியின் விலை இந்த வழியில் டிரைவர்கள் தலையில் ஏறியது. வாரம் முழுக்க ஓட்டியும் பிடித்தம் போகக் கையில் சில டாலர்களே மிஞ்சியவர்களைப் பற்றி யூஎஸ்ஏ டுடே நாளிதழ் 2017-இல் விரிவாக எழுதியது. பின்னர் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கீழ் அமைந்த ஒரு குழு, 2025 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில், இப்படிப்பட்ட திட்டங்களைத் தடைசெய்யும்படி நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது.

நம்மூருக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. வண்டி தருபவரும் லோடு தருபவரும் ஒரே ஆள் என்றால் ஜாக்கிரதை. கிரஷர் வைத்திருப்பவரே லாரியை டியூவுக்குக் கொடுத்தால், வாடகையைக் குறைப்பது அவர் கையில். டியூவைக் குறைப்பது டிரைவர் கையில் இல்லை.

எடுப்பதானால் எப்படி?

ஓனர் நல்லவர், வண்டியும் நல்லது, கணக்கும் ஒத்துவருகிறது என்றால், மூவரும் ஒரே மேசைக்கு வர வேண்டும். நிதி நிறுவனத்திடம் போய், மிச்சக் கடனைத் தன் பேருக்கு மாற்றித் தரும்படியோ, பழைய கடனை முடித்துத் தன் பேரில் புதுக் கடன் தரும்படியோ டிரைவர் கேட்கலாம். ஒப்புதல் கிடைத்தால் படிவம் 29, 30 கொடுத்து ஆர்சி மாறும், ஹைப்பாதிகேஷன் தொடரும். பெர்மிட் தானாக மாறாது. அதற்குத் தனியாக அனுமதி வேண்டும். இன்ஷூரன்ஸையும் தன் பேருக்கு மாற்ற வேண்டும். இதற்கு முன் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் வரி, எஃப்சி, பெர்மிட், யாரிடம் கடன் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இ-சலான் பாக்கியையும் பார்த்துவிட வேண்டும். ஆந்திரத்தில் விழுந்த சலானும் வண்டி எண்ணோடு சேர்ந்தே வரும்.

நிறுவனம் மறுத்தால்? ‘இவருக்குக் கடன் தர மாட்டோம்’ என்று நிறுவனம் சொன்னதை ஓனர் சுற்றி வளைத்துச் செய்யப் பார்க்கிறார் என்று அர்த்தம். அப்போது அந்த வண்டியை விட்டுவிட்டு, தன் தகுதிக்குத் தன் பேரிலேயே கிடைக்கும் சின்ன வண்டியைப் பார்ப்பது மேல். முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரையும், அதை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரையும் கடன் உண்டு. மாநில அரசின் மானியத் திட்டங்களில் தன் தொழிலுக்குப் பொருந்துவது எது என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பார்க்கலாம். டிப்பருக்குப் பதில் மினி லாரியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆர்சியில் பேர் இருக்கும் மினி லாரி, பேர் இல்லாத டாரஸைவிடப் பெரியது.

தன் பேரில் எடுக்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது: ‘வெறும் பத்து பர்சென்ட்தான் வட்டி.’ அது ஃபிளாட் வட்டியா என்று கேட்க வேண்டும். 10 லட்சத்துக்கு 10 சதவீதம் ஃபிளாட், நான்கு வருடம் என்றால் வட்டி 4 லட்சம், மாதம் 29,167 ரூபாய். கடன் மாதா மாதம் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி சுமார் 17.6 சதவீதம். 2024 அக்டோபர் 1 முதல் இத்தகைய கடன்களுக்கு முக்கிய விவரச் சீட்டு ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. எல்லாக் கட்டணமும் சேர்ந்த வருடாந்திர விகிதம் அதில் இருக்கும். டியூ தவறினால் அபராத வட்டி போட்டு அதை அசலோடு சேர்ப்பதும் 2024 முதல் கூடாது. தனிக் கட்டணமாக மட்டுமே வாங்கலாம். இவை வங்கிகளுக்கும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களுக்கும் பொருந்தும். பேர்ப்பலகை இல்லாத லோக்கல் ஃபைனான்ஸ் இந்த விதிகளுக்குள் வருவதில்லை.

வண்டியை மடக்கினால்

ஹையர் பர்ச்சேஸில் தவணை தவறினால் வண்டியை எடுத்துக்கொள்வது குற்றமல்ல, ஏனென்றால் அதுவரை அது நிதி நிறுவனத்தின் சொத்துதான் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 1-இல் மேக்மா ஃபின்கார்ப் வழக்கில் உறுதி செய்தது. அந்த வழக்கில் 35 தவணையில் ஏழு மட்டுமே கட்டப்பட்டிருந்தது. ஆனால் முறையான நோட்டீஸ் கொடுக்காததைக் குறையாக எடுத்து 15,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதை அதே நீதிமன்றம் 2007-இலேயே கண்டித்திருக்கிறது. எடுக்கலாம், ஆனால் சட்டப்படி எடுக்க வேண்டும் என்பதே நிலை.

நிதி நிறுவனங்களுக்கான ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இதைக் கொஞ்சம் விளக்குகிறது. எத்தனை நாள் நோட்டீஸ், எப்படி எடுப்பார்கள், விற்பதற்கு முன் பணம் கட்டக் கடைசி வாய்ப்பு, ஏலம் எப்படி என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். விதிமுறைகளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது. நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. ஆனால் இந்தக் கதவுகள் எல்லாம் ‘கடன் வாங்கியவர்’ தட்டினால்தான் திறக்கும். நிறுவனத்தின் கணக்கில் அது ஓனர்.

ஏற்கெனவே வாய்ப்பேச்சில் வண்டியை எடுத்து ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியவை சில உண்டு. டியூவை ஓனர் கையில் தராமல், கடன் கணக்குக்கே நேராக, தன் வங்கிக் கணக்கிலிருந்து போடலாம். அதற்கான குறுஞ்செய்தியை அழிக்காமல் வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடன் கணக்கின் ஸ்டேட்மென்டை ஓனரைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். முன்பணம் எவ்வளவு, எத்தனை டியூ, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்ப வரும், வண்டி விபத்தில் போனால் இன்ஷூரன்ஸ் பணத்தில் யாருக்கு எவ்வளவு என்பதை இரண்டு சாட்சிகளோடு எழுதி வாங்கலாம். நோட்டரி முத்திரை ஆர்சியை மாற்றாது. ஆனால் நாளை பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட நேர்ந்தால், அந்தத் தாளும் அந்தக் குறுஞ்செய்திகளும்தான் பேசும். படிக்கட்டில் உட்கார்ந்து ‘முருகன் சாட்சியா சொல்றேன்’ என்று ஓனர் கொடுத்த வாக்கு கோர்ட்டுக்கு வராது.

கடைசி டியூ கட்டிய பிறகும் வேலை முடிவதில்லை. நிறுவனத்திடமிருந்து என்ஓசியும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் ஓனர் பேருக்குத்தான் வரும். அவை வந்த வாரத்திலேயே ஓனரையும் அழைத்துக்கொண்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போய், ஹெச்பி கேன்சலையும் பேர் மாற்றத்தையும் ஒன்றாக முடித்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால், அதற்குள் ஓனருக்கு ஏதாவது ஆகிவிட்டால், வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்தும் தேவைப்படும். அவர்களில் சிலருக்கு இந்தப் பேச்சு நடந்ததே தெரிந்திருக்காது.